மூக்குக்கண்ணாடியும் காண்டாக்ட் லென்ஸும்: குறைந்த செலவில் தேர்ந்து வாங்குதல்

பார்வைக் குறைபாட்டைத் திருத்த அணியும் லென்ஸ்கள் இருவகை. மூக்கின்மேல் ஃபிரேமில் தாங்கி நிற்பது மூக்குக்கண்ணாடி. கருவிழிமேல் உள்ள கண்ணீர்ப் படலத்தில் ஒட்டி நிற்பது காண்டாக்ட் லென்ஸ் (தொடுவில்லை). மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. காண்டாக்ட் லென்ஸை 1888இல் அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் கண்ணாடியில் செய்தார். இன்றுள்ள மென்மையான வகையைச் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961இல் தம் வீட்டில் குழந்தைகளின் விளையாட்டுப் பொறிப் பாகங்களைக் கொண்டு வார்த்தெடுத்தார்.

இவ்விரண்டும் இன்று சிற்றூர்களிலும் கிடைக்கின்றன. இருந்தும், கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் பார்வையோடு, கண்ணாடி இல்லாமலே காலம் தள்ளுபவர்கள் ஏராளம். உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கை, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கிடைக்காதவர்கள் மட்டும் உலகில் 82.6 கோடிப் பேர் என்கிறது. எதை, எங்கே, எவ்வளவுக்கு வாங்குவது என்று தெரியாமையும் இதற்கு ஒரு காரணம். திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்பட்டாலும், இதில் உள்ள செய்திகள் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

பனியன் தொழிலும் கண்ணும்

எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போகிறார். ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் தைப்பவர், செக்கிங் மேசையில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுபவர், பிசிர் வெட்டுபவர் ஆகிய எல்லாருக்கும் மூலதனம் கிட்டத்துப் பார்வைதான். நாற்பது வயதுக்குமேல் விழிலென்ஸின் நெகிழ்வு குறைந்து, அருகில் உள்ளவை மங்குகின்றன. இதுவே வெள்ளெழுத்து. பழைய தலைமுறையினர் சாளேஸ்வரம் என்பார்கள். அச்சொல் நாற்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லோடு உறவுடையது என்பர். பத்தாம் வகுப்பு மாணவர்கள் படிக்கும் ‘பிரஸ்பையோபியா’ என்பதும் இதுதான்.

இது நோயன்று, எல்லாருக்கும் வருவது. ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஊசியில் நூல் கோக்க இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனால், அது சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தையல் விட்டுப்போனது தெரியாமல் மறுதையலுக்குத் திரும்பி வரும். “கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க” என்று சொல்லிச் செக்கிங் வேலையை விட்டுவிட்டுக் குறைந்த கூலிக்குத் துப்புரவு வேலைக்கு மாறிய பெண்களை நான் அறிவேன். அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது சில நூறு ரூபாய்க் கண்ணாடி.

இதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்தது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்களின் இலைப்பறிப்பு, பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடியிருந்தது. 2024இல் வெளியான வங்கதேச ஆய்வு ஒன்றில் தையற்காரர், நெசவாளர், கைவினைஞர் போன்றோருக்கு இலவசக் கண்ணாடி கொடுத்து எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, கண்ணாடி பெற்ற பிரிவினரின் வருமானம் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது.

முதலில் பரிசோதனை, பிறகு கடை

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவாள். சோம்பேறி என்று நினைத்து, பல நாள் எழுந்து நிற்க வைத்தேன். பள்ளிக்கு வந்த கண் பரிசோதனைக் குழுவினர் அவளுக்கு மைனஸ் மூன்றரை என்று எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு வந்த முதல் நாள், சன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு, “சார், இலை தனித்தனியாத் தெரியுது” என்றாள். அதன்பின் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் கடைசி வரிசையில் நிறுத்திப் பலகையைப் படிக்கச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சிறுவர்களுக்குப் பரிசோதனை ஏன் அவசரம் என்றால், மூளை பார்க்கக் கற்றுக்கொள்வது ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒரு கண்ணில் மட்டும் அதிகப் பவர் இருந்து கண்ணாடி போடாமல் விட்டால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்துவிடும். இதைச் ‘சோம்பேறிக் கண்’ என்பார்கள். பின்னால் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை திரும்புவது கடினம். சிறுவர்களின் விழிலென்ஸ் எளிதில் சுருங்கி விரிவதால் கருவி தவறான எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பதே முறை. கடையில் இரண்டு நிமிடக் கணினிச் சோதனையோடு குழந்தைக்குக் கண்ணாடி வாங்குவது தவறு.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது. இதற்காகவே பெண் பிள்ளைகளின் கண்ணாடியைப் பெட்டியில் பூட்டி வைக்கும் பெற்றோர் உண்டு. உண்மையில், வளரும் வயதில் கண் உருண்டை நீள்வதால் பவர் ஏறுகிறது. கண்ணாடி அதற்குக் காரணமன்று. வேண்டுமென்றே குறைந்த பவர் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2002இல் மலேசியாவிலிருந்து வெளிவந்தது. அதில் குறைத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியது. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது ஓரளவு காக்கிறது.

பெரியவர்கள் மறக்கக் கூடாதவை சில. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். எனவே புதிதாக நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டவர் சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்தே கண்ணாடி வாங்க வேண்டும். இல்லையேல் பணம் வீண். அறுபதைத் தாண்டியவர் திடீரென்று “கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்” என்று மகிழ்ந்தால், அது பெரும்பாலும் கண்புரை முற்றுவதன் அடையாளம். கண் நீர் அழுத்தம் வலியின்றிப் பார்வையைத் தின்பது. நாற்பதுக்குமேல் கண்ணாடிக்குப் போகும்போதே அழுத்தத்தையும் பார்த்துவிடலாம்.

எங்கே பரிசோதிப்பது

செலவே இல்லாத வழிகள் உள்ளன. அரசு மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. கண் மருத்துவ உதவியாளர்கள் பவர் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976இல் தொடங்கியது. அதன்கீழ் பள்ளிகளில் ஆசிரியர்களே முதற்கட்டமாகச் சோதித்து, குறை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி பெற்றுத் தர முடியும். தமிழ்நாட்டில் 2009இல் ‘கண்ணொளி காப்போம்’ என்ற பெயரில் இப்பணி விரிவாக்கப்பட்டது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள கம்பெனித் தொழிலாளர்கள் அந்த மருத்துவமனையில் கண்ணைக் காட்டலாம். அட்டை இருந்தும் காய்ச்சலுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துபவர்கள் மிகப் பலர்.

அடுத்தது அறக்கட்டளை மருத்துவமனைகள். இவற்றில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை தனியே சொல்லத் தக்கது. மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு அறுவைசெய்து பழகியவர் அவர். பணம் கொடுப்பவர் கொடுக்கட்டும், இல்லாதவர் இலவசமாகப் பெறட்டும் என்ற கணக்கில் அது வளர்ந்தது. 1992இல் அந்நிறுவனம் ஆரோலேப் என்ற சொந்த ஆலையை அமைத்து, வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வந்துகொண்டிருந்த கண்ணுள் பொருத்தும் லென்ஸை இங்கேயே குறைந்த செலவில் செய்யத் தொடங்கியது. கோவைக் கிளை 1997இல் வந்தது. அது இருப்பது அவிநாசி சாலையில்தான். திருப்பூரிலும் உடுமலையிலும் கிளைகள் உண்டு. ஊர்களில் நடத்தும் முகாம்களில் லென்ஸை அங்கேயே வெட்டி, ஃபிரேமில் பொருத்தி, அன்றே கையில் கொடுக்கும் முறையை அவர்கள் கொண்டுவந்தார்கள். “அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரு நாள் கூலி போகுமே. இந்தச் சிறிய மாற்றத்தால் கண்ணாடி உரியவரைச் சென்று சேர்ந்தது. கோவை சத்தி சாலையில் உள்ள சங்கரா கண் மருத்துவமனையும் இவ்வாறு முகாம்கள் நடத்துகிறது.

எங்கே பார்த்தாலும் பவர் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உடைமை. “கண்ணாடி இங்கேயே வாங்கினால்தான் சீட்டுத் தருவோம்” என்று சொல்லும் இடங்கள் உண்டு. அங்கே பரிசோதனைக் கட்டணம் கொடுத்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, விலையை நாலு கடையில் கேட்டபின் வாங்குவதே இலாபம்.

பவர் சீட்டைப் படிப்பது எப்படி

ஓ.டி. என்றால் வலக்கண், ஓ.எஸ். என்றால் இடக்கண். ‘எஸ்.பி.எச்.’ என்ற கட்டத்தில் உள்ளது முதன்மைப் பவர். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, குழிலென்ஸ் வேண்டும்; பிளஸ் என்றால் தூரப்பார்வை அல்லது வெள்ளெழுத்து, குவிலென்ஸ் வேண்டும். அலகு டயாப்டர். மீட்டரில் குவியத்தூரத்தைக் கொண்டு ஒன்றை வகுத்தால் வருவது டயாப்டர் என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். அதையே திருப்பிப் போடுங்கள். மைனஸ் 2 உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். மைனஸ் 4 உள்ளவருக்குக் கால் மீட்டர். தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யும் சூத்திரம் இங்கே ஒருவரின் உலகத்தின் எல்லையைச் சொல்லிவிடுகிறது.

‘சிலிண்டர்’, ‘ஆக்சிஸ்’ என்பவை பார்வைச் சிதறல் குறைபாட்டுக்கானவை. சிலிண்டர் அதன் அளவு, ஆக்சிஸ் அது எந்தக் கோணத்தில் என்பது. கோணம் தவறினால் எழுத்துக்கு நிழல் தெரியும், தலை வலிக்கும். ‘ஆட்’ என்பது கிட்டப் பார்க்கக் கூடுதலாகச் சேர்க்கும் பிளஸ்.

பல சீட்டுகளில் இல்லாத ஓர் எண் ‘பி.டி.’, அதாவது இரு கண்மணிகளின் மையங்களுக்கு இடையேயான தூரம், மில்லிமீட்டரில். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 74 வரை இருக்கும். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே அமையாவிட்டால் லென்ஸ் ஒரு முப்பட்டகம் போல ஒளியை ஒதுக்கிவிடும். எவ்வளவு ஒதுக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: மையம் விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். மைனஸ் 6 லென்ஸ் அரைச் சென்டிமீட்டர் விலகினால் 3 முப்பட்டக டயாப்டர். அதைக் கண் ஈடுகட்ட முயன்று களைத்துப்போகும். ஒன்று, ஒன்றரைப் பவர் உள்ளவருக்கு இது பெரிதாகத் தெரியாது. அதிகப் பவர் உள்ளவர் பி.டி.யை எழுதி வாங்காமல் வரக் கூடாது.

லென்ஸ்: எதற்குப் பணம் கொடுக்கிறோம்

கடைக்காரர் காட்டும் பட்டியலில் பத்துப் பதினைந்து வகை இருக்கும். அடிப்படை நான்குதான். சி.ஆர். 39 என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான பிளாஸ்டிக். 39ஆவது கலவை என்பதால் அப்பெயர். ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.50. விலை குறைவு, காட்சி மிகத் தெளிவு. பவர் 3, 4 வரை உள்ள பெரும்பாலோருக்கு இது போதும். பாலிகார்பனேட்டின் விலகல் எண் 1.59, மெல்லியது, எளிதில் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறும், ஓரங்களில் சற்று வண்ணச் சிதறல் தெரியும். பிள்ளைகளுக்கும், ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவருக்கும், ஊசி முறிந்து தெறிக்கும் வேலையில் உள்ளவருக்கும் இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணன்று. 1.60, 1.67, 1.74 என்னும் ‘ஹை இண்டெக்ஸ்’ வகைகள் அதிகப் பவருக்கானவை. மைனஸ் 2 உள்ளவருக்கு 1.67 விற்பது துணியெடுக்க வந்தவருக்குத் தறியை விற்பது போல. நான்காவதான கனிமக் கண்ணாடி கீறாது. ஆனால் கனம் மிகுதி, உடைந்தால் கண்ணுக்கு ஆபத்து. இன்று யாரும் வாங்கத் தேவையில்லை.

வழக்கமான பவர்கள் கடையிலேயே வட்ட வில்லைகளாக இருப்பில் இருக்கும், அவை மலிவு. சிலிண்டர் அதிகமாக இருந்தால் தனியே செய்து வரவழைக்க வேண்டும்; அதற்கு விலையும் நாளும் கூடும். ஒரே பவர் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த விலையோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதற்குமுன் இதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பூச்சுகளில் கீறல் தடுப்புப் பூச்சு அவசியம். பிரதிபலிப்பு தடுப்புப் பூச்சு இரவில் வண்டி ஓட்டுபவருக்கும், குழல்விளக்கின்கீழ் நாள் முழுதும் தைப்பவருக்கும் உண்மையாகவே உதவும். ‘புளூ கட்’ பற்றித்தான் எச்சரிக்கை வேண்டும். கடையில் ஒரு நீல ஒளி டார்ச்சை லென்ஸின்மேல் அடித்து, மறுபக்கம் தாளில் ஒளி விழாததைக் காட்டுவார்கள். அந்த டார்ச் உமிழும் குறிப்பிட்ட ஊதா ஒளியை லென்ஸ் தடுக்கிறது என்பது உண்மை; அதனால் கண் களைப்பு குறையும் என்பதற்குச் சான்றில்லை. 2023இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கணினி பார்ப்போரின் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் இவ்வகை லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. திரையை உற்றுப் பார்க்கையில் கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்ந்துபோகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தித் தூரத்தைப் பார்ப்பதற்குக் காசில்லை.

ஃபிரேம்

பழைய கண்ணாடி ஒன்றை எடுத்து அதன் காதுக்கம்பியின் உட்புறத்தைப் பாருங்கள். 50, 18, 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். பொருத்தமாக இருந்த கண்ணாடியின் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்தமுறை பாதி வேலை முடிந்தது. மைனஸ் பவர் அதிகமுள்ளவர் சிறிய ஃபிரேமைத் தேர்ந்தால் ஓரத் தடிமன் தானே குறையும். பெரிய ஃபிரேமை எடுத்துவிட்டு மெல்லிய லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது இரட்டைச் செலவு.

வியர்வை மிகுந்த வேலையில் மலிவான உலோக ஃபிரேம் பச்சை பூத்துத் தோலை அரிக்கும். ஷெல் எனப்படும் பிளாஸ்டிக் ஃபிரேமே மேல். நான் விசாரித்தவரையில் இங்கே சாதாரண ஷெல் ஃபிரேமும் சி.ஆர். 39 லென்ஸும் சேர்ந்து 500 முதல் 1,000 ரூபாய்க்குள் முடிகிறது. அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு நூறும் எதற்கு என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைக் கண்ணாடி, அதன் லென்ஸ், ஃபிரேம் ஆகியவற்றுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்துள்ளது. பில் கேட்டு வாங்கினால்தான் இது தெரியும்.

வெள்ளெழுத்துக்கு எந்தக் கண்ணாடி

தூரம் நன்றாகத் தெரிந்து, கிட்டம் மட்டும் மங்குபவருக்குப் படிக்கும் கண்ணாடி ஒன்றே போதும். இரண்டும் வேண்டியவருக்கு பைஃபோகல். பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டில் இரண்டு லென்ஸ்களைப் பாதியாக வெட்டிச் சேர்த்த யோசனைதான். கீழே அரைவட்டக் கோடு தெரியும் ‘டி பைஃபோகல்’ பார்க்க அழகாக இல்லாமல் இருக்கலாம். விலை குறைவு, கிட்டப் பகுதி அகலம். கோடு தெரியாத புரோகிரசிவ் லென்ஸில் தூரம், இடைத்தூரம், கிட்டம் மூன்றும் உண்டு. ஆனால் கிட்டப் பகுதி குறுகலானது, ஓரங்கள் வளைந்து தெரியும், விலையும் பலமடங்கு.

ஆகவே தையல்காரர்களும் செக்கிங் செய்பவர்களும் பரிசோதனையின்போது தம் வேலையைச் சொல்ல வேண்டும். புத்தகம் படிக்கும் தூரம் 35, 40 சென்டிமீட்டர். மெஷின் ஊசி, உட்காரும் முறையைப் பொறுத்து அதைவிடச் சற்றுத் தள்ளி இருக்கும். புத்தகத்துக்கு எழுதிய பவரோடு மெஷினில் அமர்ந்தால் நாள் முழுதும் குனிந்து கழுத்து வலிக்கும். வீட்டிலேயே ஒரு நூலால் கண்ணிலிருந்து ஊசி வரை அளந்து, அந்த நூலை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதகரிடம் காட்டுவது நல்ல வழி. மேசை முழுதும் கண்ணை ஓட்டும் செக்கிங் வேலைக்குப் புரோகிரசிவ் பொருந்துவது அரிது. அந்தத் தூரத்துக்கென்றே ஒரு தனிக் கண்ணாடி, மிக மலிவாக, கம்பெனியிலேயே வைத்துவிடலாம்.

சந்தையிலும் கடைவீதியிலும் ஓரிரு நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆயத்தக் கண்ணாடி கெடுதலா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. இரு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் இல்லை என்றால் அது நன்றாகவே உதவும். அசாம், வங்கதேச ஆய்வுகளில் உதவியதும் கிட்டப் பார்க்கும் எளிய கண்ணாடிதான். கண்ணைக் கெடுக்கவும் செய்யாது. அதை வாங்கிப் போட்டுக்கொண்டு பத்து ஆண்டு மருத்துவரிடமே போகாமல் இருந்து, கண் நீர் அழுத்தம் முற்றிய பிறகு போவதுதான் ஆபத்து. தேவைக்கு மேற்பட்ட பவரை எடுத்துவிட வேண்டாம். வேலைத் தூரத்தில் தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த எண்ணே சரியானது.

இணையத்தில் வாங்குவதும் சரிபார்ப்பதும்

இந்தியாவில் 2010க்குப் பிறகு இணையவழிக் கண்ணாடி விற்பனை பெருகியது. விலையை ஒப்பிட அது வசதி. சிலிண்டர் இல்லாத சிறு பவருக்குத் தாராளமாக வாங்கலாம். புரோகிரசிவ், அதிகப் பவர், குழந்தைக் கண்ணாடி ஆகிய மூன்றையும் முகத்தில் வைத்துக் குறிபோடாமல் வாங்கக் கூடாது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்னும் விளம்பரத்தில் இலவசம் ஃபிரேமா, லென்ஸும் சேர்ந்தா என்று பார்க்க வேண்டும். நானே ஒருமுறை அப்படி வாங்கி, இரண்டாவது ஃபிரேமுக்கு லென்ஸ் போட முதலாவதன் விலையையே மீண்டும் கொடுத்தேன்.

கண்ணாடி கைக்கு வந்ததும் ஒரு சோதனை. கையை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியே கதவு நிலையைப் பாருங்கள். லென்ஸை இடவலமாக அசைத்தால், மைனஸ் லென்ஸில் நிலையும் அதே பக்கம் நகரும். பிளஸ் லென்ஸில் எதிர்ப்பக்கம் நகரும். பிறகு லென்ஸைச் சக்கரம் போலச் சுழற்றுங்கள். சிலிண்டர் இருந்தால் நிலைக்கோடு சாய்ந்து திருகும். இயற்பியல் ஆசிரியர்கள் வகுப்பில் பிள்ளைகளின் கண்ணாடிகளையே வாங்கி இதைச் செய்து காட்டலாம், செலவில்லாத செய்முறை. துல்லியமான எண் வேண்டுமானால் எந்தக் கண்ணாடிக் கடையிலும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். புதுக் கண்ணாடியில் இரண்டொரு நாள் தரை உயர்ந்து தெரிவது இயல்பு. ஒரு வாரத்துக்குமேல் தலைவலி நீடித்தால் சீட்டோடு திரும்பிப் போக வேண்டும்.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கே உரிய தவறு ஒன்று உண்டு. பனியன் வேஸ்ட் துணி எங்கும் கிடைப்பதால் அதை எடுத்து உலர்ந்த லென்ஸைத் துடைப்பது. லென்ஸில் படிந்த தூசியே உப்புத்தாள் போலக் கீறிவிடும். முதலில் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு சோப்புக் கரைசலால் விரலால் தேய்த்துக் கழுவியபின் துணியால் ஒற்றலாம். அயர்னிங் மேசை அருகிலும், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியிலும் வைத்தால் சூட்டில் பூச்சு வெடித்து வலைபோல் கோடு விழும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

காண்டாக்ட் லென்ஸ்

இது கண்ணாடிக்கு மாற்று என்பதைவிடக் கூடுதல் என்பதே பொருத்தம். இதை வாங்குபவரும் ஒரு கண்ணாடி வைத்திருந்தே ஆக வேண்டும். கண் சிவந்த அன்று லென்ஸ் போட முடியாது. விளையாட்டு வீரர், இரு கண்ணுக்கும் பவர் வேறுபாடு மிகுந்தவர் ஆகியோருக்கு இதனால் பயன் அதிகம். கருவிழி கூம்பாகும் நோய் உள்ளவருக்குக் கண்ணாடியால் கிடைக்காத பார்வையைக் காற்று ஊடுருவும் கடின வகை லென்ஸ் தரும். அது மருத்துவத் தேவை. கண் மருத்துவமனையில்தான் பொருத்த வேண்டும்.

கண்ணாடிச் சீட்டை வைத்துக் காண்டாக்ட் லென்ஸ் வாங்க முடியாது. வளைவு (பி.சி.), விட்டம் (டி.ஐ.ஏ.) ஆகிய இரண்டையும் கண்ணில் அளக்க வேண்டும். பவரும் மாறும், கண்ணாடி கண்ணுக்கு 12 மி.மீ. முன்னால் நிற்கிறது, இது கண்ணின் மேலேயே இருக்கிறது. மைனஸ் 6 கண்ணாடி போடுபவருக்கு மைனஸ் 5.50 லென்ஸ் போதும். மைனஸ் 8க்கு 7.25 அளவில் வரும். நான்குக்குக் கீழே வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று.

செலவைப் பெட்டி விலையால் அல்ல, ஆண்டுக் கணக்கால் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை மாற்றும் வகையில் ஒரு பெட்டியில் 6 லென்ஸ் வருகிறது என்று கொள்வோம். இரு கண்ணுக்கும் ஒரே பவர் என்றால் ஒரு பெட்டி மூன்று மாதம். வேறு வேறு என்றால் தொடக்கத்திலேயே இரண்டு பெட்டி. கணக்குக்காகப் பெட்டி 900 ரூபாய், கரைசல் புட்டி 250 ரூபாய், இரு மாதத்துக்கு ஒரு புட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 3,600, 1,500 ஆக 5,100. இந்தத் தொகையை ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க முடியாதவர், ஒரு மாத லென்ஸை மூன்று மாதம் இழுப்பார். கரைசலுக்குப் பதில் தண்ணீரில் போடுவார். அங்கேதான் கேடு தொடங்குகிறது. மலிவாக்க முடியாத பொருள் இது. கட்டுப்படியாகாவிட்டால் நல்ல கண்ணாடியோடு நின்றுகொள்வதில் குறையேதுமில்லை.

குழாய்த் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று நீர், கேன் தண்ணீர் எதுவும் லென்ஸில் படக் கூடாது. நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் ஒரு செல் உயிரி கருவிழியைத் தின்று பார்வையைப் பறிக்கும். மருத்துவம் மாதக்கணக்கில் நீளும். எச்சில் தொட்டுப் போடுவதும் அப்படித்தான். லென்ஸோடு குளிக்க, நீந்த, தூங்கக் கூடாது. கரைசலைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கை கழுவித் துடைத்த பின்னரே தொட வேண்டும். அதுவும் பஞ்சு ஒட்டாத துணியில் துடைத்து. பஞ்சுத் தூசி பறக்கும் நிட்டிங் பகுதியிலும், சாயப்பட்டறை, பிளீச்சிங் ஆவியிலும் வேலை செய்பவர்கள் வேலை நேரத்தில் இதை அணியவே வேண்டாம்.

கல்யாண வீடுகளில் அலங்காரத்துக்குப் பச்சை, நீலக் கண் லென்ஸ் போடும் பழக்கம் வந்திருக்கிறது. ஒருத்தி போட்டுக் கழற்றியதை மற்றொருத்தி போடுவதையும் கண்டிருக்கிறேன். பவர் இல்லாவிட்டாலும் அதுவும் கண்ணில் ஒட்டும் பொருளே. அளவெடுத்து, தனக்கென்று மட்டும் வாங்க வேண்டும். போட்டபின் வலி, சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கழற்றிவிட்டு, அந்த லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அவை அவருக்குப் பயன்படும்.